குடும்பப் படங்களுக்கு வீட்டிலேயே ஒரு இடம்: நாஸ் வாங்குவதற்கு முன்

2021 ஜூன் 1ஆம் தேதியோடு கூகுள் போட்டோஸின் வரம்பற்ற இலவசச் சேமிப்பு நின்றுபோனது. 2015 மே மாதம் அந்தச் சேவை தொடங்கியதிலிருந்து ஆறு ஆண்டுகளாக, நம் வீடுகளில் எடுத்த காதுகுத்து, கிரகப்பிரவேசம், பள்ளி ஆண்டுவிழாப் படங்களெல்லாம் யோசனையின்றி அங்கேதான் போய்ச் சேர்ந்தன. இப்போது ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபி. அதற்கு மேல் மாதச் சந்தா. இப்படி நடப்பது முதல் முறையும் அல்ல. ஆர்குட் 2014 செப்டம்பர் 30இல் மூடப்பட்டது. பிகாசாவை கூகுள் 2016இல் கைவிட்டது. ஒரு டெராபைட் இலவசம் என்று அழைத்த ஃபிளிக்கர், இலவசக் கணக்குக்கு இனி 1,000 படங்கள்தான் என்று 2018 நவம்பரில் அறிவித்தது. சேவை நடத்துகிறவர்களைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. இடத்துக்குச் செலவு உண்டு. ஆனால், பாட்டியின் எண்பதாவது பிறந்தநாள் வீடியோ அடுத்த முப்பது ஆண்டுகள் இருக்க வேண்டும் என்று நினைக்கிற குடும்பம், ஒரே ஒரு நிறுவனத்தின் கொள்கை முடிவை நம்பி அதை விட்டுவைக்க முடியாது.

வீட்டிலேயே ஒரு சேமிப்புப் பெட்டி வாங்கி வைக்கலாமா என்ற எண்ணம் இங்கிருந்துதான் வருகிறது. நாஸ் என்று எல்லோரும் சொல்லும் அந்தப் பெட்டி உண்மையில் ஒரு சிறு கணினி. உள்ளே ஒன்றோ இரண்டோ நான்கோ ஹார்ட் டிஸ்க்குகள். பின்னால் ஒரு லேன் கேபிள் ரவுட்டருக்குப் போகும். வீட்டிலுள்ள போன், லேப்டாப், டிவி எல்லாமே அதைப் பார்க்கலாம். ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கும் பொதுவான இடமும் வைக்கலாம். இதையெல்லாம்விட முக்கியம், போன் வைஃபையில் சேர்ந்ததும் புதுப் படங்கள் தானாகப் போய் விழும். யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கிலும் அதே படங்களை வைக்கலாம்தான். ஆனால் அதை யாராவது அலமாரியிலிருந்து எடுத்துச் செருக வேண்டும். முதல் மூன்று மாதம் செருகுவோம். பிறகு குழந்தைக்குத் தேர்வு வரும், ஊருக்குப் போவோம், ஓராண்டு ஓடிவிடும். நாஸுக்குப் பணம் கொடுப்பது இந்தத் ‘தானாக’ என்ற ஒரு சொல்லுக்காகத்தான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தப் பெட்டி என்பது கடைசிக் கேள்வி. வீட்டிலுள்ளவர்கள் எந்தச் செயலி வழியாகப் படங்களைப் பார்க்கப் போகிறார்கள், இரண்டாவது பிரதி எந்த ஊரில் இருக்கப் போகிறது என்ற இரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால் பெட்டியைத் தேர்வது எளிது. பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. எத்தனை கோர், எவ்வளவு ராம், எத்தனை கிகாபிட் என்று தொடங்கிப் பெட்டியை வாங்கிவிட்டு, பிறகுதான் அதில் அம்மா படம் பார்ப்பது எப்படி என்று யோசிக்கிறோம்.

எவ்வளவு இடம் வேண்டும்?

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் பயம் பாதி குறையும். போனில் எடுக்கும் சாதாரண 12 மெகாபிக்சல் படம் ஏறத்தாழ 2 முதல் 4 எம்பி. ஒருவர் மாதம் 300 படம் எடுத்தாலும் ஆண்டுக்குப் பத்து ஜிபியை ஒட்டித்தான் வரும். வீடியோதான் இடத்தைத் தின்கிறது. ஐபோனில் 4கே தரத்தில், நொடிக்கு 30 பிரேம் என்று எடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி; அதையே 60 பிரேமாக மாற்றினால் 400 எம்பி. பழைய முறையில், ‘அதிகப் பொருத்தம்’ என்ற அமைப்பில் எடுத்தால் முப்பது பிரேமுக்கே 350 எம்பி. வாரம் பத்து நிமிடம் 4கே வீடியோ எடுக்கும் ஒருவர் ஆண்டுக்கு 90 ஜிபி சேர்ப்பார். நான்கு பேர் கொண்ட குடும்பத்தில் இருவர் அப்படி எடுத்தால், படங்களையும் சேர்த்து ஆண்டுக்கு 200 முதல் 250 ஜிபி. ஆக 4 டெரா இடம் பத்து ஆண்டுக்கு மேல் வரும். போனின் வீடியோ அமைப்பில் ஒரு முறை கை வைப்பது, டிஸ்க்கின் அளவை இரட்டிப்பதற்குச் சமமான வேலையைச் செய்துவிடும்.

இந்தக் கணக்கைக் கலைப்பது கல்யாணம். ‘ஹார்ட் டிஸ்க் கொண்டுவாங்க, எல்லாத்தையும் போட்டுத் தந்துடுறோம்’ என்று ஸ்டூடியோக்காரர் சொன்னால், இரண்டு மூன்று கேமராவின் எடிட் செய்யாத காட்சியும் ரா படங்களும் சேர்ந்து பல நூறு ஜிபி வரும். வீட்டில் இரண்டு கல்யாணம் நடந்திருந்தால் 8 டெராவாக வாங்குவதே நல்லது. இன்னொரு சிறு விஷயம்: ஒரு டெரா என்று வாங்கிய டிஸ்க்கைச் செருகினால் விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்காக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024இன் மடங்காக எண்ணுகிறது.

ஒரு டிஸ்க்கா, இரண்டா, நான்கா?

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கட்ஸ் மூவரும் 1988இல் வெளியிட்ட ஆய்வுரை, விலையுயர்ந்த ஒரே பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக மலிவான பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கலாம், அதில் ஒன்று செத்தாலும் தரவு தப்பும் என்று காட்டியது. ரெய்டு என்ற பெயர் அங்கிருந்து வந்தது. வீட்டுக்கு அதில் மிக எளிய வகை போதும்: இரண்டு டிஸ்க், இரண்டிலும் ஒரே தரவு. ஒன்று போனால் மற்றது ஓடும்; புதிதாக ஒன்றை வாங்கிச் செருகினால் பெட்டி தானே நகலெடுத்துக்கொள்ளும். 4 டெரா டிஸ்க் இரண்டு போட்டால் கிடைப்பது 4 டெராதான். இப்படி இடம் ‘வீணாவதை’ ஒப்புக்கொள்ள மனம் வராமல் இரண்டையும் சேர்த்து 8 டெராவாக அமைத்துக்கொள்பவர்கள் உண்டு. அப்படி அமைத்தால் இரண்டில் எது செத்தாலும் மொத்தமும் போகும். குடும்பப் படங்களுக்கு அந்த அமைப்பு கூடவே கூடாது.

டிஸ்க் எவ்வளவு எளிதில் சாகும்? லட்சக்கணக்கான டிஸ்க்குகளை ஓட்டும் பேக்பிளேஸ் நிறுவனம் தன் கணக்கைப் பொதுவில் வெளியிடுகிறது. அதன்படி 2023இல் நூற்றுக்கு 1.4, 2024இல் 1.57 டிஸ்க்குகள் பழுதாயின. கேட்கக் குறைவாகத் தெரியும். பத்தாண்டு வைத்திருக்கப் போகிறோம், டிஸ்க்கோ வயதாகிக்கொண்டே போகும் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் இதைச் சின்ன அபாயம் என்று ஒதுக்க முடியாது. 2007இல் கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரை இன்னும் படிக்கத் தக்கது. டிஸ்க் தன்னைத் தானே சோதித்து முதல் பிழையைச் சொன்னால், அடுத்த 60 நாளில் அது சாகும் வாய்ப்பு, பிழை சொல்லாத டிஸ்க்கைவிட 39 மடங்கு என்று கண்டார்கள். எனவே பெட்டி ‘டிஸ்க் எச்சரிக்கை’ என்று மின்னஞ்சல் அனுப்பினால் அன்றே புது டிஸ்க்குக்கு ஏற்பாடு செய்யுங்கள். அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: செத்த டிஸ்க்குகளில் பாதிக்கும் மேல், முக்கியமான அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே செத்தன. எச்சரிக்கை வரவில்லை என்பதால் டிஸ்க் நலம் என்று பொருளில்லை.

ஒரே டிஸ்க் கொண்ட பெட்டியை இதனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். வேறு வீட்டில் இரண்டாம் பிரதி வைக்க மட்டும் அது நல்ல தேர்வு. நான்கு டிஸ்க் பெட்டி பெரும்பாலான குடும்பங்களுக்கு அதிகம். பெட்டியின் விலை ஏறக்குறைய இரட்டிப்பாகும், மின்சாரமும் சத்தமும் கூடும். வீட்டில் யாராவது வீடியோ எடிட்டிங் தொழிலில் இருந்தாலோ, யூடியூப் சேனல் நடத்தினாலோ தவிர அது தேவைப்படாது. இரண்டு டிஸ்க் பெட்டியே நம் அளவு.

ரெய்டைப் பற்றிய பெரிய தவறான நம்பிக்கை ஒன்றை இங்கே உடைத்தாக வேண்டும். அது காப்பது டிஸ்க் சாவிலிருந்து மட்டும். பிள்ளை தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால், இரண்டு டிஸ்க்கிலும் அதே கணத்தில் அழியும். வைரஸ் பூட்டினால் இரண்டையும் பூட்டும். பெட்டி திருடு போனால் இரண்டும் சேர்ந்தே போகும். தவறுதலாக அழித்ததை மீட்க, குறிப்பிட்ட நேரத்து நிலையை அப்படியே உறையவைத்து வைக்கும் ‘ஸ்னாப்ஷாட்’ வசதி வேண்டும். பிடிஆர்எஃப்எஸ் அல்லது இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறை உள்ள பெட்டிகளில் அது உண்டு. இந்த இரண்டுக்கும் இன்னொரு நன்மையும் இருக்கிறது: தரவின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் வைத்து, காலப்போக்கில் டிஸ்க்கில் ஏதாவது மெல்லச் சிதைந்திருந்தால் கண்டுபிடித்துவிடும். ஆண்டுக்கணக்கில் யாரும் திறக்காத படங்களுக்கு இது உண்மையிலேயே தேவை. நிறுவனங்களின் மிக மலிவான மாடல்களில் பிடிஆர்எஃப்எஸ் இல்லாமல் போவதுண்டு. வாங்கும்போது விவரக் குறிப்பில் தேட வேண்டிய முதல் சொல் அதுவே. ராம் அளவும் சிப்பின் பெயரும் அதற்குப் பிறகுதான்.

டிஸ்க் வாங்கும்போதும் ஒரு கண் வேண்டும். 2020 ஏப்ரலில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் நாஸுக்கான ‘ரெட்’ வகையில், 2 முதல் 6 டெரா வரையுள்ள சில டிஸ்க்குகள் ஓடு போல ஒன்றன்மேல் ஒன்று தடங்களை அடுக்கி எழுதும் எஸ்எம்ஆர் வகை என்பதும், அதை நிறுவனம் பெட்டியில் சொல்லவில்லை என்பதும் வெளிவந்தன. இவ்வகை டிஸ்க், பழுதானதற்குப் பதிலாகச் செருகி மறுநகல் எடுக்கும்போது மிக மெதுவாகும். சிலருக்கு அந்த வேலையே பாதியில் நின்றது. பிறகு நிறுவனம் வகையைப் பிரித்து, ‘ரெட் பிளஸ்’ என்றால் தடங்களை அப்படி அடுக்காத சிஎம்ஆர் வகை என்று தெளிவாக்கியது. சீகேட்டின் ‘அயர்ன்வுல்ஃப்’ வரிசையும் சிஎம்ஆர்தான். சென்னை ரிச்சி தெருவில் பாதி விலைக்குக் கிடைக்கும் பழைய, ‘ரீஃபர்பிஷ்டு’ டிஸ்க்குகள் வேறு எதற்காவது ஆகட்டும், இதற்கு வேண்டாம். பில்லும் வாரண்டியும் உள்ள புது டிஸ்க்காக வாங்குங்கள். முடிந்தால் இரண்டையும் இரண்டு கடையில் வாங்குங்கள். ஒரே நாளில் ஒரே தொகுப்பில் தயாரான இரண்டு டிஸ்க்குகளுக்கு ஒரே குறை இருக்கலாம்.

எந்த நிறுவனம், எந்தச் செயலி?

தைவானின் சினாலஜி, க்யூநாப், அசுஸ்டோர். சீனாவின் டெராமாஸ்டர், யூக்ரீன். வீட்டுச் சந்தையில் கண்ணில் படும் பெயர்கள் இவைதான். அண்மைக் காலம் வரை யார் கேட்டாலும் சினாலஜி என்று சொல்லிவிடலாம். அதன் மென்பொருள் நிதானமானது, சினாலஜி போட்டோஸ் செயலி கூகுள் போட்டோஸ் பழகியவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது, பல ஆண்டுகள் அப்டேட் வரும். இன்னொரு நல்ல குணம், அது டிஸ்க்குகளைப் பொதுவான லினக்ஸ் முறையிலேயே அமைக்கிறது. பெட்டி செத்துப்போனாலும் டிஸ்க்கைக் கழற்றி உபுண்டு ஓடும் ஒரு கணினியில் செருகித் தரவை எடுக்கலாம். அதற்கான வழிமுறையை நிறுவனமே வெளியிட்டிருக்கிறது.

ஆனால் அந்த நம்பிக்கையில் சினாலஜியே விரிசல் விழவைத்தது. தன் பெட்டிகளின் இயங்குதளமான டிஎஸ்எம்மின், 2024இல் வந்த 7.2.2 பதிப்பில் வீடியோ ஸ்டேஷன் செயலியை நீக்கியது. ஐபோன்கள் பயன்படுத்தும் ஹெச்இவிசி வீடியோவைப் பெட்டிக்குள்ளேயே மாற்றித் தரும் வேலையையும் கைவிட்டு, பார்க்கிற கருவியின் தலையில் அதைக் கட்டியது. 2025 ஏப்ரலில் அதைவிடப் பெரிய அதிர்ச்சி: புதிய பிளஸ் மாடல்களில் தன் முத்திரை பெற்ற டிஸ்க்குகளையே போட வேண்டும் என்றது. எதிர்ப்பு கிளம்பி, அதே ஆண்டு அக்டோபரில் டிஎஸ்எம் 7.3 வந்தபோது அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி, மற்ற நிறுவன டிஸ்க்குகளை மீண்டும் அனுமதித்தது. இன்றைய நிலையில் அதை வாங்குவது தவறல்ல. ஆனால் அப்டேட் ஒன்றில் விதி மாறலாம் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். கிளவுடுக்குச் சொன்னது பெட்டிக்கும் பொருந்துகிறது.

க்யூநாபில் அதே விலைக்கு வன்பொருள் கூடுதலாகக் கிடைக்கும். பாதுகாப்பு வரலாறோ கசப்பானது, அதைப் பிறகு சொல்கிறேன். யூக்ரீன் இந்தத் துறைக்கு அண்மையில்தான் வந்தது. வன்பொருள் நன்றாக இருக்கிறது, மென்பொருள் இன்னும் வளர்கிறது. எந்த நிறுவனமாக இருந்தாலும், நம் ஊரில் வாரண்டிக்குப் பெட்டியை எங்கே அனுப்ப வேண்டும், திரும்பி வர எத்தனை நாள் ஆகும் என்று வாங்குவதற்கு முன் கேட்டுவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர் கையில் கொடுத்தனுப்பினால் விலை குறையலாம்; வாரண்டி இங்கே செல்லுமா என்பது தனிக் கேள்வி.

நிறுவனச் செயலிகளுக்கு வெளியே இன்று கவனிக்க வேண்டிய பெயர் இம்மிச். 2022இல் தொடங்கிய திறந்த மூலத் திட்டம். போனிலிருந்து தானாக ஏற்றுவது, முகம் அறிந்து பிரிப்பது, வரைபடத்தில் காட்டுவது, ‘கடற்கரை’ என்று தேடினால் கடற்கரைப் படங்களைக் கொண்டுவருவது என்று கூகுள் போட்டோஸ் செய்வதில் பெரும்பகுதியை வீட்டுக்குள்ளேயே செய்கிறது. முகங்களை அடையாளம் காணும் வேலை வீட்டுப் பெட்டியிலேயே நடப்பதால் நம் குழந்தைகளின் முகம் வெளியே போகாது. 2025 அக்டோபரில்தான் அதன் முதல் நிலையான பதிப்பு 2.0 வந்தது. டாக்கர் என்ற மென்பொருள் ஓடும் பெட்டியாக இருக்க வேண்டும், ராமும் கொஞ்சம் தாராளமாக வேண்டும், அதை அவ்வப்போது புதுப்பிக்க வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பழைய கணினியில் ட்ரூநாஸ் அல்லது ஓப்பன்மீடியாவால்ட் என்ற நாஸ் மென்பொருளை நிறுவி அதன்மேல் இம்மிச் வைப்பவர்களும் இருக்கிறார்கள். ஆர்வமுள்ளவர்களுக்கு நல்ல வழி. ஆனால் அந்த ஆர்வலர் வேலை மாறி வேறு ஊருக்குப் போனால் வீட்டிலுள்ள மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கும் விடை வைத்திருக்க வேண்டும்.

என் அளவுகோல் ஒன்றுதான். வீட்டில் தொழில்நுட்பத்தோடு மிகக் குறைவாகப் பழகியவர், யாரையும் கேட்காமல், போன தீபாவளிப் படத்தைத் தன் போனில் எடுத்துப் பார்க்க முடிய வேண்டும். முடியாவிட்டால் அவர் மறுபடி வாட்ஸ்அப்பிலேயே படம் கேட்பார். வாட்ஸ்அப்போ படத்தைச் சுருக்கி, எடுத்த தேதி, இடம் போன்ற உள்விவரங்களையும் உதறிவிட்டுத்தான் அனுப்பும். வீட்டின் சேமிப்பில் சேர வேண்டியது எடுத்தவர் போனிலுள்ள அசல். உறவினர் எடுத்த படம் வேண்டுமென்றால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

வெளியே திறக்காத கதவு

வீட்டிலுள்ள பெட்டியை ஆபீசிலிருந்தும் ஊரிலிருந்தும் பார்க்க எல்லோரும் விரும்புவார்கள். மிகப் பெரிய இழப்புகள் இந்த இடத்தில்தான் நடந்திருக்கின்றன. 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ‘மை புக் லைவ்’ வைத்திருந்த பலர் காலையில் எழுந்து பார்த்தபோது டிஸ்க் காலியாக இருந்தது. இணையத்தில் திறந்திருந்த அந்தப் பெட்டிகளை யாரோ தொலைவிலிருந்து முதல் நிலைக்கு மீட்டமைத்துவிட்டார்கள். அந்த மாடலுக்குக் கடைசி அப்டேட் 2015இல் வந்தது. அதற்குப் பிறகும் ஆறு ஆண்டுகள் மக்கள் அதை நம்பிப் பயன்படுத்தினார்கள். 2014 ஆகஸ்டில் சினோலாக்கர் என்ற வைரஸ் பழைய மென்பொருள் ஓடிய சினாலஜி பெட்டிகளையும், 2021 ஏப்ரலில் க்யூலாக்கரும் 2022 ஜனவரியில் டெட்போல்ட்டும் க்யூநாப் பெட்டிகளையும் பூட்டிவைத்துப் பிட்காயினில் பணம் கேட்டன. மாட்டியவற்றில் பெரும்பாலானவை ரவுட்டரில் வாசல் திறந்து நேரடியாக இணையத்துக்குக் காட்டப்பட்டிருந்தவை.

எனவே ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் செய்யாதீர்கள். யாராவது வந்து அமைத்துத் தந்தால், அதைச் செய்யவில்லை என்று உறுதி கேளுங்கள். ரவுட்டர் தானாகக் கதவு திறக்கும் யூபிஎன்பி வசதியையும் அணைக்கச் சொல்லுங்கள். நம் ஊர் பிராட்பேண்டுகள் பலவற்றில் பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரி கொடுக்கப்படுவதால் போர்ட் ஃபார்வர்டிங் வேலை செய்வதும் கடினம். அதற்குப் பதில் டெயில்ஸ்கேல் போன்ற தனிவழி வலை இருக்கிறது. குடும்பத்தினர் போன்களிலும் பெட்டியிலும் அதை நிறுவினால், வெளியுலகுக்குத் தெரியாமல் இவை மட்டும் ஒன்றையொன்று பார்க்கும். வீட்டளவுப் பயன்பாட்டுக்கு இலவசம். நிறுவனத்தின் சொந்தத் தொலைவழிச் சேவை எளிது. ஆனால் அது அந்த நிறுவனத்தின் சர்வரை நம்பியது. 2023இல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் வலையமைப்புக்குள் ஊடுருவல் நடந்து மை கிளவுட் சேவை நின்றபோது, தங்கள் வீட்டு மேசையிலேயே இருந்த பெட்டியிலுள்ள படங்களைக்கூடப் பலரால் வழக்கமான முறையில் திறக்க முடியவில்லை. இணையமே இல்லாத நாளிலும் வீட்டு வைஃபையில் பெட்டி திறக்கிறதா என்பதை வாங்கிய வாரத்திலேயே சோதித்துவிடுங்கள்.

இரண்டாவது பிரதி எந்த ஊரில்?

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் தரைத்தளங்கள் முழுகியபோது சான்றிதழ்களோடு கல்யாண ஆல்பங்களும் போயின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் அதுவே நடந்தது. ஈழத்தில் போரினால் திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்த குடும்பங்களில் பாட்டன் பாட்டியின் ஒரு படம்கூட மிஞ்சாதவர்கள் எத்தனையோ பேர். வீட்டில் எத்தனை பிரதி வைத்தாலும் எல்லாமே ஒரே கூரையின் கீழ்தான். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில் என்ற 3-2-1 விதியை அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரவலாக்கினார். கணினித் துறை முழுவதும் இன்று அதை ஏற்றிருக்கிறது. இதில் மூன்றாவது எண்ணைத்தான் வீடுகள் விட்டுவிடுகின்றன.

தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. அண்ணன் சென்னையில், தங்கை கோயம்புத்தூரில், தம்பி சிங்கப்பூரில் அல்லது டொராண்டோவில். இரண்டு வீட்டில் ஆளுக்கொரு பெட்டி இருந்தால் ஒன்றின் பிரதி மற்றதில் இரவில் தானாக எழுதப்படும். நாஸ் நிறுவனங்கள் எல்லாமே இதற்கு மென்பொருள் தருகின்றன. மறையாக்கம் செய்து அனுப்பினால் அங்குள்ளவர் உள்ளே பார்க்கவும் முடியாது. முதல் முறை மட்டும் பொறுமை வேண்டும். நொடிக்கு 100 மெகாபிட் அப்லோடு உள்ள இணைப்பில் ஒரு டெரா போய்ச்சேர, தடையின்றி ஓடினால் 22 மணி நேரம்; நடைமுறையில் பல நாள். அதனால் முதல் பிரதியை வீட்டிலேயே லேன் கேபிளில் எடுத்து, ஊருக்குப் போகும்போது பெட்டியைக் கொண்டுபோய் வைப்பது நல்லது. இன்னொரு வீட்டில் பெட்டி வைக்க வழியில்லையா? யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்குங்கள். ஒன்று ஊரில் பெற்றோர் வீட்டில், ஒன்று உங்களிடம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது மாற்றிக்கொள்ளுங்கள். கிளவுடும் வெளியிடம்தான். பெட்டி வாங்கியதும் கூகுள் சந்தாவை உடனே நிறுத்துபவர்களை அவசரப்பட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வெளியூர்ப் பிரதி உறுதியாகும் வரை அதுதான் உங்கள் ஒரே வெளியிடம்.

கூகுளிலிருந்து எல்லாவற்றையும் இறக்க டேக்அவுட் என்ற வசதி உண்டு. அதில் படத்தின் தேதியும் குறிப்பும் ஜேசன் என்ற தனிக்கோப்பாகப் படத்தின் அருகில் வரும். அதைக் கவனிக்காமல் படங்களை மட்டும் நகலெடுத்தால் பழைய படங்கள் பல இறக்கிய நாளின் தேதியில் குவியும். இம்மிச்சுக்கு ஏற்றும்போது இதைச் சரிசெய்ய ‘இம்மிச்-கோ’ என்ற கருவி இருக்கிறது. எந்தச் செயலி வைத்தாலும் அசல் கோப்புகள் ஆண்டு, மாதம் என்று சாதாரண ஃபோல்டர்களில் கிடக்கட்டும். செயலி ஒருநாள் மறையும். ஃபோல்டரை எந்தக் கணினியும் திறக்கும்.

மின்சாரம், வெப்பம், மனிதர்கள்

இரண்டு டிஸ்க் பெட்டி 15 முதல் 20 வாட் வரை இழுக்கும். நாள் முழுவதும் ஓடினால் இரண்டு மாதக் கணக்கில் 22 முதல் 29 யூனிட். பெரிய செலவில்லை, ஆனால் ஏசி ஓடும் கோடையில் ஒரு ஸ்லாபைத் தாண்டுகிற விளிம்பில் இருப்பவர்கள் கணக்கில் வைக்கலாம். மின்சாரம் திடீரென்று போவதுதான் உண்மையான எதிரி, அதுவும் எழுதிக்கொண்டிருக்கும்போது. வீட்டு இன்வெர்ட்டரை மட்டும் நம்ப வேண்டாம். அது மாறும் கணத்தில் பெட்டி அணைந்து எழலாம். யூஎஸ்பி வழியாகப் பெட்டியோடு பேசும் ஒரு சிறு யூபிஎஸ் வாங்கினால், பேட்டரி தீரும் முன் பெட்டி தானே ஒழுங்காக அணைந்துகொள்ளும். பெட்டிக்கும் டிஸ்க்குக்கும் அடுத்தபடி நான் கட்டாயம் என்பது இதைத்தான். டிவி அலமாரிக்குள் மூடி வைக்காதீர்கள். தரைத்தள வீடென்றால் தரையிலிருந்து உயரமாக வையுங்கள்.

இனி மனிதர்கள். பெட்டியின் அட்மின் கடவுச்சொல் ஒருவர் தலைக்குள் மட்டும் இருந்து, அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், குடும்பத்தின் நினைவு முழுவதும் பூட்டிய பெட்டியில் நிற்கும். டிஸ்க்கை மறையாக்கம் செய்து சாவியைத் தொலைத்தால் எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது. கடவுச்சொல், மறையாக்கச் சாவி, இரண்டாம் பிரதி இருக்கும் இடம், அதை எப்படித் திறப்பது என்பதைத் தமிழில் ஒரே தாளில் எழுதி, பத்திரங்கள் இருக்கும் இடத்தில் வையுங்கள். வேறொருவரை உட்காரவைத்து அந்தத் தாளைப் பார்த்துத் திறக்கச் சொல்லுங்கள். பழைய ஆல்பங்களையும் விஹெச்எஸ் கேசட்டுகளையும் டிஜிட்டலாக்கி இதே இடத்தில் சேர்ப்பவர்கள், பெரியவர்கள் இருக்கும்போதே அவர்கள் பக்கத்தில் அமர்ந்து படத்திலிருப்பவர்களின் பெயர்களைக் குறித்துவிடுங்கள். செயலி முகங்களை ஒரே கூட்டமாகச் சேர்க்கும்; அது திருநெல்வேலிச் சித்தப்பா என்று சொல்ல ஒரு மனிதர் வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு இதுதான். மொத்தப் படங்கள் ஒரு டெராவுக்குள், பராமரிக்க யாரும் இல்லை என்றால் நாஸ் வேண்டாம். கிளவுட் சந்தாவும் ஊர் மாற்றி வைக்கும் இரண்டு யூஎஸ்பி டிஸ்க்குமே உங்களுக்கு நல்லது. ஒரு டெராவைத் தாண்டிவிட்டது, மூன்று நான்கு போன்கள் இருக்கின்றன, மாதம் ஒருமுறை எட்டிப் பார்க்க ஒருவர் இருக்கிறார் என்றால், பிடிஆர்எஃப்எஸ் உள்ள இரண்டு டிஸ்க் பெட்டி, 4 அல்லது 8 டெரா சிஎம்ஆர் டிஸ்க் இரண்டு, ஒரு யூபிஎஸ், வேறு ஊரில் ஒரு பிரதி. பணம் குறைவாக இருந்தால் பெட்டியில் குறையுங்கள், வெளியூர்ப் பிரதியில் குறைக்காதீர்கள். வாங்கி அமைத்த முதல் மாதத்திலேயே முக்கியமில்லாத ஒரு ஃபோல்டரைப் பெட்டியிலிருந்து அழித்து, வெளியூர்ப் பிரதியிலிருந்து அதை மீட்டு, வீடியோ கடைசி நொடி வரை ஓடுகிறதா என்று பாருங்கள். அது ஓடினால் போனிலிருந்து படங்களை அழிக்கத் தொடங்கலாம், அதுவரை அழிக்காதீர்கள்.